கத்தியும் பிடியும்: இல்லத்துக் கருவியொன்றின் வரலாறு

வாளுக்கு வரலாறு உண்டு. கத்திக்கு வரலாறு இல்லை. மன்னர் ஏந்திய வாளைப் பாடிய புலவர் பலர். அவ்வாள்களைக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காக்கும் நூதனசாலைகளும் பல. நாள்தோறும் மீன் அரிந்தும், காய் நறுக்கியும், தென்னோலை வெட்டியும் தேய்ந்து, ஈற்றில் வேலியோரத்தில் துருவேறி மண்ணோடு மண்ணாகும் இல்லத்துக் கத்தியைப் பற்றிச் சிந்திப்பார் மிகச் சிலரே. எனினும் ஒரு சமுதாயத்தின் உண்மையான வரலாற்றை அறிய விழைவோர்க்கு, போர்க்களத்து வாளிலும் அடுக்களைக் கத்தியே சிறந்த சான்றாகும். இரும்பு எங்கிருந்து வந்தது, அதனை வடித்தவன் யார், அவனுக்குக் கூலி கொடுத்தவன் யார், பிடியிட்டவன் யார் என்னும் நான்கு வினாக்களுக்கும் அச்சிறு கருவி விடை பகர வல்லது. அவ்விடைகளைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையிலே, கிழக்கே கடலும் மேற்கே வாவியும் அரண்செய்ய அமைந்துள்ளது களுதாவளை. சுயம்புலிங்கப் பிள்ளையார் கோயிலாலும் வெற்றிலைச் செய்கையாலும் பெயர் பெற்ற ஊர் இது. எழுவான்கரையாகிய இம்மணற்பாங்கிலே வெற்றிலைத் தோட்டமும் தென்னையும். வாவிக்கு அப்பாற்பட்ட படுவான்கரையிலே நெல்வயல். இவ்விருவகை வாழ்வுக்கும் இரும்பு இன்றியமையாதது. நெல்லறுக்கத் தாக்கத்தி, கம்பும் காடும் வெட்ட வெட்டுக்கத்தி, தேங்காய் துருவத் திருவலை, வெற்றிலைத் தட்டத்தின் அருகே பாக்குவெட்டி, அடுப்படியிலே மீனும் மரக்கறியும் அரியும் சிறுகத்தி என ஒரு குடும்பத்தின் கருவிகளை எண்ணத் தொடங்கின், கைவிரல்கள் போதா. ஆனால் இப்பகுதியின் மணலிலே இரும்புத்தாது இல்லை. ஆதலின், இங்குள்ள ஒவ்வொரு கத்தியும் வேறோர் இடத்தின் கதையைத் தன்னுள்ளே கொண்டு வந்ததாகும்.

இலங்கையில் இரும்பின் பழமை சிறிதன்று. அனுராதபுரத்து உள்நகரிலே நிகழ்ந்த அகழாய்வுகள், ஏறத்தாழக் கி.மு. 900 அளவிலேயே அங்கு வாழ்ந்தோர் இரும்பைக் கையாண்டனர் எனக் காட்டியுள்ளன. மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபாலிலே, வாகரைக்கு அப்பாலுள்ள கதிரவெளியிற் கண்டறியப்பட்ட பெருங்கற்கால ஈமக் கல்லறைகள், தென்னிந்தியாவில் இரும்பொடு சேர்ந்து பரவிய அதே பண்பாட்டினைச் சார்ந்தவை. தமிழகத்திலோ இரும்பின் காலம் அண்மை ஆண்டுகளில் மேலும் மேலும் பின்னோக்கிச் சென்றுள்ளது. மயிலாடும்பாறையிற் கிடைத்த சான்றுகள் கி.மு. 2172ஆம் ஆண்டளவின என 2022இல் தமிழக அரசு அறிவித்தது. சிவகளையிற் கிடைத்தவை அதனினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையன என்னும் முடிவு 2025இல் வெளியாயிற்று. இவற்றைப் பற்றி அறிஞரிடையே ஆராய்ச்சி தொடர்கின்றது. சங்கப் புலவர்க்குக் கொல்லனின் உலை நன்கு பழகிய காட்சி என்பதில் ஐயமில்லை. புறநானூற்றின் 312ஆம் பாட்டு, ஒரு மகனை ஆளாக்குவதிலே தாய், தந்தை, வேந்தன் ஆகியோர்க்குரிய கடமைகளோடு கொல்லனுக்குரிய கடமையையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணுகின்றது. இவ்வரிசை நம் சிந்தனைக்குரியது. இதனைப் பின்னரும் நோக்குவாம்.

இனி, இலங்கையின் உருக்கு உலகப் புகழ் பெற்ற கதையைக் காண்போம். ஒன்பதாம் நூற்றாண்டிலே பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அல்கிந்தி, வாள்களைப் பற்றி எழுதிய நூலிலே சரந்தீபத்து உருக்கினை ஒரு தனி வகையாக எண்ணியுள்ளார். சரந்தீபம் என்பது நம் தீவே. அவ்வுருக்கு எங்கே, எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதற்குத் தெளிந்த விடை மலைநாட்டின் தென்சரிவிலுள்ள சமனலவெவப் பகுதியிற் கிடைத்தது. அங்கு நீர்த்தேக்கம் அமைக்கப்படுமுன், கில் ஜூலெவ் என்னும் ஆங்கிலத் தொல்லியலாளர் நிலத்தை ஆராய்ந்தபோது, மேற்கு நோக்கிய குன்றுச் சரிவுகளிலே எழுபதுக்கு மேற்பட்ட இடங்களில் இரும்புருக்கு உலைகளின் எச்சங்களைக் கண்டார். அவை கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையில் இயங்கியவை. அவ்வுலைகளுக்குத் துருத்தி இல்லை, பருவக்காற்றே துருத்தி. உலையின் முன்சுவருக்கு மேலாகக் காற்று வீசிச் செல்லும்போது சுவரின் உட்புறத்தே அமுக்கம் குறைகின்றது. அக்குறையை நிரப்பக் கீழேயுள்ள குழாய்கள் வழியே காற்றுத் தானாக உட்புகுந்து கரியைக் கனலச் செய்கின்றது. இயற்கைக் காற்றினால் இவ்வாறு உருக்கு ஆக்குதல் இயலாது என்றே அதுவரை வல்லுநர் பலர் எண்ணியிருந்தனர். ஜூலெவ் அம்மையார் 1994இல் அதே வகையான உலையை அதே மலையில் அமைத்து, அதே காற்றினால் இயக்கி, இரும்பும் கரிமிகுந்த உருக்கும் பெற்றார். 1996இல் நேச்சர் என்னும் அறிவியல் இதழிலே அம்முடிவு வெளிவந்தது. ஏடுகள் மறுத்ததைக் கைகள் நிறுவின என்க.

இவ்விடத்திலே மட்டக்களப்பார்க்கு உரிய ஒரு செய்தியுண்டு. சமனலவெவ உலைகளை ஊதிய காற்று தென்மேற்குப் பருவக்காற்றாகும். அக்காற்றே மலைநாட்டில் ஏறி மழை பொழிந்து, ஈரமிழந்து, வெங்காற்றாகக் கிழக்குச் சமவெளியில் இறங்குகின்றது. அதனையே நாம் கச்சான் என்கின்றோம். மலைக்கு அப்பால் உருக்கைப் பிறப்பித்த காற்று, மலைக்கு இப்பால் நம் நெற்றி வியர்வையை உலர்த்தும் காற்றாக வருகின்றது. கச்சான் வீசும் நாளிலே கொல்லுலை முன் நின்றவர்க்கு இவ்வுறவைப் பிறர் விளக்க வேண்டுவதில்லை.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வேறொரு முறையும் வழங்கியது. மெல்லிரும்புத் துண்டுகளை ஆவாரை போன்ற மரத்துண்டுகளோடு சிறு மண்மூசையில் இட்டு, வாய்மூடி, கடுந்தீயில் நெடுநேரம் வைப்பர். மரத்தின் கரி இரும்பிற் கலந்து உயர்ந்த உருக்காகும். உருக்கு என்னும் நம் சொல்லின் கன்னட வடிவமான உக்கு என்பதிலிருந்தே ஊட்ஸ் என்னும் ஐரோப்பியச் சொல் பிறந்ததெனச் சொல்லாராய்ச்சியாளர் பலர் கொள்வர். 1795இல் ஜோர்ஜ் பியர்சன் என்பார் இலண்டன் வேத்தியற் கழகத்தின் முன் இவ்வுருக்கைப் பற்றி ஆய்வுரை நிகழ்த்தினார். பின்னர், கத்தி வடிப்போரான ஜேம்ஸ் ஸ்ரொடாட் என்பவரோடு சேர்ந்து மைக்கேல் பரடே இதன் இயல்பை அறிய முயன்றார். மின்னியலின் தந்தையென நம் மாணவர் படிக்கும் அப்பரடே, ஒரு கொல்லனின் மகன் என்பதையும் அவர்கள் அறிதல் நன்று.

இதுவரை உருக்கின் பிறப்பை நோக்கினோம். கத்தியின் பிறப்பை அறிதற்கு நமக்குக் கிடைத்த சிறந்த சான்று றொபேட் நொக்ஸ் எழுதிய நூலாகும். நம் கிழக்குக் கரையிலேயே, திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவிலே 1660இல் அவர் கண்டி மன்னன் படையினராற் பிடிக்கப்பட்டார். பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்று, 1681இல் தம் நூலை இலண்டனில் வெளியிட்டார். கொல்லனின் பட்டறையை அவர் வருணிக்கும் பகுதி வியப்புக்குரியது. கொல்லன் தன் ஆசனத்திற் பெருமிதத்தோடு அமர்ந்திருப்பான். வேலை கொண்டு வந்தவனே துருத்தி ஊதவேண்டும். சம்மட்டியால் இரும்பை அடிக்கவேண்டியவனும் அவனே. கொல்லன் குறட்டினாற் பிடித்துக்கொண்டு, தன் சிறு சுத்தியலால் இடையிடையே தட்டி உருவமைப்பான். தீட்டும் வேலையிலும் பெரும்பகுதி வந்தவனுக்கே உரியது. உழுகருவி போன்றவற்றுக்கான கூலியை அறுவடைக் காலத்திலே வழக்கப்படி நெல்லாக அளந்து கொடுப்பர்.

நொக்ஸ் இதனைக் கொல்லரின் செருக்குக்கு எடுத்துக்காட்டாகவே எழுதினார். ஆனால் அவர் எழுதியதை நாம் வேறொரு நோக்கிலும் படிக்கலாம். அக்காலத்தில் ஒரு கத்தி கடையில் வாங்கும் பொருளன்று. அதன் சொந்தக்காரனே அதன் ஆக்கத்திற் பாதி உழைப்பைச் செலுத்தினான். இரும்பு எவ்வளவு சிவந்தபோது அடிக்கவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும், எந்நிறத்தில் தோய்க்கவேண்டும் என்பவற்றை ஒவ்வோர் உழவனும் தன் கண்ணாற் கண்டான். தன் தோளால் அறிந்தான். கொல்லனுடைய அறிவு முழுவதும் அவனுக்கு வந்துவிடவில்லை. ஆயினும், அவ்வறிவு எத்துணை அரியது என்பதை உணரும் அறிவு வந்தது. நொக்ஸ் கூறியது கண்டி நாட்டு வழக்கம். நம் படுவான்கரை முதியோரும் கொல்லனுக்குக் களத்திலே நெல் அளந்த வழக்கத்தையும், கத்தி அடிப்பிக்கச் சென்றவர் கரியும் பிடிக்கான மரமும் கொண்டுசென்ற வழக்கத்தையும் நினைவுகூர்வர்.

இவ்வுறவு குலைந்த வரலாறு இரும்பு குலைந்த வரலாற்றோடு பிணைந்தது. படை மருத்துவராக இலங்கையிற் பணியாற்றிய ஜோன் டேவி, 1821இல் வெளியிட்ட தம் நூலிலே, உள்நாட்டார் இரும்புருக்கும் முறையைத் தாம் கண்டவாறு விளக்கியுள்ளார். ஏறத்தாழ எண்பது ஆண்டுகளின் பின், 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் அளவைப் பணிக்குத் தலைமை தாங்கிய கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள் பலாங்கொடைப் பகுதியிலே அத்தொழிலின் இறுதி மூச்சையே காண முடிந்தது. முதியோர் நினைவிற்கொண்டு செய்துகாட்டியதை அவர் பதிந்து, 1908இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலிற் சேர்த்துவைத்தார். இறக்குமதியான ஐரோப்பிய இரும்பு மலிந்தமையால் உள்ளூர் உலைகள் அணைந்தன. கொல்லனுடைய பட்டறை மட்டும் அணையவில்லை. அவன் முதலிற் கப்பலில் வந்த இரும்புச் சட்டத்தை அடித்தான். பின்னர்ப் பழைய அரத்தையும், மோட்டார் வண்டிகள் பெருகிய காலத்தில் லொறியின் வில்லுத்தகட்டையும் அடித்தான். தாது மாறியது, சந்தை மாறியது, ஆட்சி மாறியது. அவன் கை அத்தனைக்கும் ஈடுகொடுத்தது.

இம்மாற்றத்தின் நுட்பத்தை யான் நூல்களில் உணரவில்லை. என் இல்லத்து முற்றத்திலேயே உணர்ந்தேன். வரலாற்றுப் பாடத்திலே நொக்ஸின் பட்டறைக் காட்சியை விளக்கிக்கொண்டிருந்தபோது, இரும்பு ஏன் தோய்க்கப்படுகின்றது என மாணவன் ஒருவன் வினவினான். எனக்கு விடை தெரியவில்லை. அவ்விடுமுறையில் வில்லுத்தகட்டுத் துண்டொன்றைத் தேடிப்பெற்று, நிலத்திற் குழிதோண்டிச் சிரட்டைக்கரி மூட்டி, கையாற் சுழற்றும் ஊதியொன்றினால் ஊதி, கத்தியொன்று செய்ய முயன்றேன். தகட்டைச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலிற் புதைத்து ஓரிரவு ஆறவிட்டால் அது அரத்துக்கு இணங்கும் அளவு மென்மையாகும். பின் வேண்டிய உருவம் வரும்வரை அராவ வேண்டும். உருவாகிய அலகை மீண்டும் காய்ச்சுகையில், காந்தம் அதனைப் பற்றாத நிலை ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் வரும். அதற்குச் சற்று மேலே சென்றதும் உடனே குளிர்வித்தல் வேண்டும். இரும்பினுள்ளே கரைந்த கரி வெளியேற நேரமின்றி அங்கேயே சிறைப்படுவதனாலேயே கடினம் பிறக்கின்றது. தோய்ச்சல் என்பதன் பொருள் இதுவே.

பழைய நூல்களில் தண்ணீர் என்றே படித்திருந்தமையால், அலகைத் தண்ணீரில் அமிழ்த்தினேன். மெல்லிய ஓசையொன்று கேட்டது. எடுத்துப் பார்த்தபோது வாயிலிருந்து முதுகுவரை ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. மூன்று நாள் உழைப்பு ஒரு கணத்திற் போயிற்று. அத்துண்டை எடுத்துக்கொண்டு வயது முதிர்ந்த கொல்லர் ஒருவரிடம் சென்றேன். அவர் வெடிப்பைப் பார்க்கவுமில்லை. துண்டைத் தட்டி ஓசையை மட்டும் கேட்டார். “இது எண்ணெய் குடிக்கிற இரும்பு, சேர். தண்ணியைக் காட்டினால் வெடிக்கும்” என்றார்.

அவ்வொரு வாக்கியத்திலே ஒரு நூற்றாண்டு வரலாறு அடங்கியிருந்ததைப் பின்னரே உணர்ந்தேன். பழைய உருக்கு இரும்பும் கரியும் மட்டுமே சேர்ந்தது. அதனை உறுதியாக்க விரைந்து குளிர்விக்கும் தண்ணீர் வேண்டும். வில்லுத்தகட்டிலோ நூற்றுக்கு 0.5 முதல் 0.65 வரையான கரியோடு மங்கனீசு, சிலிக்கன், குரோமியம் போன்றனவும் கலந்துள்ளன. அது மெல்லக் குளிர்ந்தாலும் உறுதிப்படும். விரைந்து குளிர்வித்தால் வெடிக்கும். ஆகவே அதற்கு எண்ணெயே தக்கது. வில்லுத்தகடு நம் ஊர்களை அடைந்த காலத்தில் இவ்வேறுபாட்டை விளக்கும் ஏடு எதுவும் அதனோடு வரவில்லை. எந்த ஆய்வுகூடமும் இன்றி, உடைந்த அலகுகளையே ஆசிரியராகக் கொண்டு, கொல்லர் அதனைக் கண்டறிந்தனர். பரம்பரைத் தொழில் என்றால் மாற்றமறியாப் பழக்கம் என்று நாம் மாணவர்க்குக் கற்பிப்பது எத்துணைத் தவறு!

இரண்டாம் முறை தேங்காயெண்ணெயில் தோய்த்தேன்; வெடிக்கவில்லை. ஆனால் தோய்ச்சல் மட்டும் கத்தியை ஆக்கிவிடாது. அந்நிலையில் அலகு கண்ணாடிபோல் உடையும் இயல்பினது. அதனைத் துலக்கி, மீண்டும் இளஞ்சூட்டில் வைத்தால் அதன்மேல் நிறங்கள் தோன்றும். 220 முதல் 230 பாகை அளவில் வைக்கோல் நிறம், 280 பாகை அளவில் ஊதா, 300 பாகையை அண்மிக்கும்போது நீலம். அடுக்களைக் கத்திக்கு வைக்கோல் நிறம் போதும். அடிபடும் வெட்டுக்கத்திக்கு அதனினும் மிக்க சூடு வேண்டும். வெப்பமானி இல்லாத காலத்துக் கொல்லனுக்கு இந்நிறங்களே வெப்பமானி.

இறுதியாகப் பிடி. இதுவே இல்லத்தான் தன் கையால் முடிக்கும் பகுதி. அலகின் வாலை ஏற்கும் மரம் பிளவாததாயும், வியர்வையும் நீரும் பட்டால் உளுக்காததாயும் இருத்தல் வேண்டும். பாலை, முதிரை, விண்ணாங்கு ஆகியன இதற்குச் சிறந்தவை. நன்கு உலர்ந்த துண்டில் வாலினும் சிறிய துளையிட்டு, வாலைக் காய்ச்சி அத்துளையிற் செலுத்தினால், அது மரத்தைச் சுட்டுத் தனக்குரிய இடத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும். பின் அரக்கை உருக்கி ஊற்றி வாலை இறுக்குவர். பிடியின் வாயிலே பித்தளைக் குழாய்த் துண்டொன்றைப் பூணாக இட்டால் மரம் பிளவாது. கொல்லன் அலகை எல்லார்க்கும் ஒன்றுபோல் வடிக்கலாம். பிடியோ ஒருவர் கைக்கே உரியது. தாயின் கைக்கு அமைந்த பிடி மகனின் கைக்கு அமையாது. அலகு தேய்ந்து ஒழிந்தபின்னும் பழைய பிடியைக் கழற்றிப் புது அலகுக்கு இட்டுக்கொண்ட குடும்பங்கள் உண்டு.

இவற்றால் நாம் பெறும் முடிவு யாது? கத்தி என்பது இரு அறிவுகளின் சேர்க்கை. அலகு கொல்லனது; பிடி இல்லத்தானது. இரண்டும் ஒன்றையொன்று அறிந்திருந்தவரை அத்தொழில் வாழ்ந்தது. கடையில் வாங்கும் கத்தி வந்தபின் இல்லத்தான் பட்டறைக்குச் செல்லாதொழிந்தான். அறுவடை இயந்திரம் வந்தபின் தாக்கத்தியின் தேவையும் அருகியது. களத்து நெல் நின்றது. கொல்லனின் மகன் பள்ளிக்கு வந்தான், படித்தான், பட்டறைக்குத் திரும்பவில்லை.

அவன் திரும்பாமை தவறன்று. இதனை வற்புறுத்திக் கூறல் வேண்டும். புறநானூறு தாய்க்கும் வேந்தனுக்கும் நிகராகக் கொல்லனை எண்ணியிருக்க, நாமோ அவனது நெல்லை அளந்தோமேயன்றி அறிவை அளக்கவில்லை. அவன் செய்த கருவி இல்லாமல் ஒரு நாளும் வாழாத நாம், அவனைச் சரியாசனத்தில் இருத்தவில்லை. பிறப்பினாற் கட்டிய தொழிலிலிருந்து அவன் மகன் விடுதலை பெற்றது கல்வியின் வெற்றியே. ஆனால் தொழிலைப் பிறப்பிலிருந்து பிரித்த நாம், அத்தொழிலின் அறிவை எவர் வேண்டுமாயினும் கற்கலாம் என்னும் அடுத்த படியை எடுத்து வைக்கவில்லை. எண்ணெய் குடிக்கும் இரும்பை ஓசையால் அறியும் அம்முதியவரோடு அவ்வறிவும் மறையுமாயின், அக்குறை அவர் மகனுடையதன்று, நம்முடையது.

இதற்கு நல்வழி காட்டியவர் நம் மண்ணிலேயே தோன்றினார். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார், மறைந்துபோன யாழினை நூற்சான்றுகளைக் கொண்டு ஆராய்ந்து, அதன் வடிவையும் இசையையும் மீட்டுத் தந்தார். 1947இல் வெளிவந்த யாழ் நூல் அவ்வுழைப்பின் பயன். இழந்த கருவியொன்றை மீட்பதற்கு அவர்க்குப் பல்லாண்டுகள் வேண்டியிருந்தன. நமக்கோ கருவி இன்னும் கையில் இருக்கின்றது. அதனைச் செய்யத் தெரிந்தோரும் சிலர் இருக்கின்றனர். வரலாறு கற்கும் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ப் பட்டறைக்கு ஒரு நாள் சென்று, துருத்தி ஊதி, சம்மட்டி பிடித்து, அங்கு வழங்கும் சொற்களையும் முறைகளையும் எழுதிவருவாராயின், இரண்டு மூன்று ஆண்டுகளில் இம்மாவட்டத்தின் இரும்புத்தொழில் வரலாறு நம் கல்லூரி நூலகத்தில் இருக்கும்.

நவராத்திரியின் ஈற்றிலே நாம் ஆயுதபூசை செய்கின்றோம். அன்று ஏட்டுக்கும் எழுதுகோலுக்கும் அருகே கத்தியும் மண்வெட்டியும் சந்தனப் பொட்டோடு ஒரே வரிசையில் இருக்கின்றன. மறுநாள் ஏட்டை நாம் எடுத்துக்கொள்கின்றோம். கத்தியை அடுப்படிக்கு அனுப்பிவிடுகின்றோம். அவ்வரிசையைக் கலையாது வைத்திருத்தலே கற்றோர் கடன்.